பதினொரு பெயர் ஒட்டிய தபால்பெட்டி

தம்பி சாருஜன்,

வெள்ளிவிழா மலருக்குப் படமும் வேண்டும் என்றீர். இதோடு வைத்திருக்கும் படம் ஏழு வருடத்துக்கு முந்தியது. இப்போது தலையில் அவ்வளவு முடி இல்லை. ஆனாலும் கல்லூரியின் நீலச் சட்டையோடு நான் தனியாக நிற்கிற படம் இது ஒன்றுதான். மற்ற எல்லாப் படத்திலும் யாராவது ஒருவருடைய தோளுக்குப் பின்னால் அரை முகமாக நிற்கிறேன்.

பழைய மாணவர் சங்கத்தின் பாரிஸ் கிளைக்கு இருபத்தைந்து வயது. ‘கல்லூரி உதைபந்தாட்டத்தில் என் பயணம்’ என்று நான்கு பக்கம் எழுதித் தரவேண்டும். ஜூலை முடியும்வரை தவணை உண்டு. இவ்வளவும் நீர் சொன்னது. நீர் இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை. அப்படியிருந்தும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை ஒழுங்காக முடித்தவர். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். நான்கு பக்கத்துக்கு மேல் போனால் வெட்டிக்கொள்ளும். எதை வெட்டுவது என்பதை மட்டும் முழுவதையும் வாசித்த பிறகு முடிவு செய்யும்.

1986இல், இருபத்தாறு வயதில், யாழ்ப்பாணத்தில் எங்கள் கல்லூரி அணிக்கு உதவிப் பயிற்றுநராகச் சேர்ந்தேன். தலைமைப் பயிற்றுநர் இராஜதுரை மாஸ்ரர். உதவிப் பயிற்றுநர் என்றால் என்ன செய்பவன் என்று பலருக்குத் தெரியாது. பந்துக்குக் காற்றடிப்பவன் அவன். இடைவேளைக்குத் தோடம்பழம் வெட்டி வைப்பவன். பிடிப்பு வந்தவனின் கால் விரலை மடக்கி இழுத்துவிடுபவன். யார் யார் இறங்குவது என்று முதல் நாள் மண்டையை உடைத்துப் பட்டியல் எழுதுவதும் அவன்தான். அதை எழுந்து நின்று வாசிப்பது தலைமைப் பயிற்றுநர். வென்றால் மாலை ஒன்றுதான் வரும், அது அவர் இருக்கிற முதல் கதிரைக்கு. தோற்றால் ஏச்சு இரண்டு கதிரைக்கும் வரும். நான் குறை சொல்லவில்லை. வேலை அப்படி.

1992இல் பாரிசுக்கு வந்தேன். எத்தனை எல்லையை எப்படித் தாண்டி வந்தேன் என்பதை உமது அப்பாவிடம் கேளும், அவரும் அப்படித்தான் வந்திருப்பார். வந்த மூன்றாம் நாள் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் அரிசி வாங்க ஒரு கடைக்குள் நுழைந்தால், கல்லாவில் இராஜதுரை மாஸ்ரர் இருக்கிறார். “எட லோறன்ஸ், வந்திட்டியே? நல்லதாப் போச்சு. ஞாயிற்றுக்கிழமை காலமை பந்தைத் தூக்கிக்கொண்டு வா” என்றார். அன்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கடல் கடந்து வந்தாலும் அதே இரண்டாவது கதிரை எனக்காகக் காத்திருந்திருக்கிறது. அடுத்த பத்தொன்பது வருடம் அதில்தான் இருந்தேன்.

மாஸ்ரர் விசிலைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். முதலுதவிப் பெட்டி என் பொறுப்பு. நீரும் அதைப் பார்த்திருப்பீர்: வெள்ளை அடித்த இரும்புப் பெட்டி, இரண்டு தட்டு. மேல்தட்டில் பஞ்சு, பட்டி, தைலம். கீழ்த்தட்டுக்குத் தனிப் பூட்டு, வீரர்களின் லைசன்ஸ் அட்டைகள் அதற்குள் இருக்கும். அந்தப் பூட்டின் திறப்பும் எங்கள் வீட்டுத் தபால்பெட்டித் திறப்பும் என்னிடம் ஒரே கோர்வையில் கிடக்கின்றன.

தபால்பெட்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். மார்க்ஸ் டோர்மோயில் நான்காம் மாடியில் எங்கள் வீடு. இங்கே புதிதாக வந்து இறங்குகிறவனுக்கு முதலில் வேண்டியது வேலையும் அல்ல, படுக்க இடமும் அல்ல, ஒரு விலாசம். அகதி விண்ணப்பத்தில் எழுதுவதற்கு, கடிதம் வந்து சேர்வதற்கு. மாதத்துக்கு ஓர் அறை மாறுகிறவனுக்கு விலாசம் எங்கே இருக்கும்? அதனால் வதிவிட அட்டை, நாங்கள் சொல்கிற காட், அது உள்ள ஒருவர் தன் தபால்பெட்டியில் அவன் பெயரையும் எழுதி ஒட்டிக்கொள்வார். எங்கள் ஆட்கள் ஒருவருக்கொருவர் செய்து வருகிற உதவி இது. 2009இல் எங்கள் பெட்டியில் எங்கள் பெயருக்குக் கீழே பதினொரு பெயர் ஒட்டியிருந்தது. இது வீடா, உதைபந்தாட்ட அணியா என்று தபால்காரி கேட்டாள். அவள் கேட்டதும் சரிதான், பாதிப் பேர் எங்கள் அணிக்காரர். கடைத்தெருவில் என்னைத் ‘தபால்பெட்டி லோறன்ஸ்’ என்று பகிடி பண்ணுவார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

ஒருவருடைய கடிதத்தையும் நான் உடைத்ததில்லை. வந்த அன்றே கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒபர்வில்லியேயில் பண்டகசாலை வேலை முடித்து, உடம்பு அடித்துப் போட்டது போல இருக்கும்போதும், ஓல்னே வரை ரயில் ஏறிப் போய்க் கொடுத்திருக்கிறேன். அந்தப் பதினொரு பேரில் பத்துப் பேருக்குக் காட் கிடைத்தது. பத்துப் பேரையும் விசாரித்துப் பாரும். என்னைப் பற்றி ஒரு குறை வராது.

பதினோராவது பெயர் பிருந்தாபன்.

அவன் 2009 ஜனவரியில் வந்தான். எங்கள் கல்லூரிப் பிள்ளைதான், அப்போது வயது இருபத்தேழு. ஊரில் சாம்பவி என்ற பிள்ளையைப் பதிவுத் திருமணம் செய்துவிட்டு, தாலி கட்ட நாள் வைப்பதற்குள் புறப்பட்டு வந்தவன். காட் கிடைத்தால் அவளை முறைப்படி கூப்பிடலாம். அவனுக்கு வேறு கனவு எதுவும் இருக்கவில்லை. பந்து விளையாடுவதுகூட ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் நினைப்பை மறக்கத்தான் என்பான். ஆனால் அவன் காலுக்குப் பந்து வந்தால் எதிரணிக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. இருபத்து மூன்று வருடத்தில் நான் அப்படி ஒருவனைப் பார்த்ததில்லை. இடது காலால் தட்டி, எதிரி திரும்புவதற்குள் வலது காலால் அடித்துவிடுவான். முதல் நாள் பயிற்சியில் பார்த்தபோதே எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. சந்தோஷத்தில்தான்.

நீர் அப்போது சின்னப் பிள்ளை. அந்த வருடம் எங்களுக்கு எப்படிப்பட்ட வருடம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. கல்லூரிகளுக்கு இடையிலான சுழற்கிண்ணப் போட்டியை நடத்துவதா விடுவதா என்று பெரிய வாக்குவாதம் நடந்து, கடைசியில் ஜூலையில் இருந்து செப்டம்பருக்குத் தள்ளி வைத்தார்கள். எங்கள் கல்லூரி ஒருமுறைகூட அந்தக் கிண்ணத்தைத் தொட்டதில்லை. ஜூன் முதல் ஞாயிறு பயிற்சி முடிந்த பிறகு, மாஸ்ரர் கதிரையை மடித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “இந்தப் பொடியன் இருந்தா இந்தமுறை கிண்ணம் எங்களுக்குத்தான். கிண்ணத்தை எடுத்தா நான் எழும்பிறன் லோறன்ஸ். பிறகு நீதான்.”

அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. மேற்குப் பக்கத்து ஊர் ஒன்றின் பிரெஞ்சுக் கழகத்தில் இருந்து ஒருவர் வந்து பிருந்தாபனைப் பார்த்தார். நான்தான் மொழிபெயர்த்தேன், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல். நகரசபை மைதானத்தில் வேலை, இருக்க வீடு, கழகத்தில் ஆட்டம். எல்லாம் உண்டு, காட் மட்டும் வரவேண்டும். பிருந்தாபன் கண் கலங்கி என் கையைப் பிடித்தான். காட் கிடைத்த மறுநாளே போய்விடுவேன் அண்ணை, சாம்பவியையும் அங்கேயே எடுத்துவிடலாம் என்றான். நல்லது தம்பி என்றேன். அதை மனதாரத்தான் சொன்னேன்.

ஜூன் 9, செவ்வாய்க்கிழமை, அவன் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. அகதி விண்ணப்பங்களை விசாரிக்கிற ஒப்ரா அலுவலகத்தின் கடிதம். உறை சாதாரணம், உள்ளே இருப்பது என்னவென்று உடைக்காமலே தெரியும், அத்தனை பேருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். நேர்முக விசாரணைக்கான அழைப்பு. வழக்கமாக மூன்று வாரத் தவணை இருக்கும். போனால் சொல்லலாம், சொன்னால் கேட்பார்கள்; அந்த நாட்களில் எங்கள் ஆட்களை ஓரளவு நம்பிக் கேட்டார்கள். போகாவிட்டால் இருக்கிற காகிதத்தைப் பார்த்து முடித்துவிடுவார்கள். காகிதத்தை மட்டும் பார்த்தால் ‘இல்லை’ என்பதுதான் பதில்.

அதை மேற்சட்டைப் பையில் வைத்தேன். அன்று மாலை பயிற்சி, முடிந்ததும் கொடுக்கலாம் என்று நினைத்தேன். பயிற்சியில் அவன் நன்றாக விளையாடினான். முடிந்ததும் வழக்கம்போல வந்து, “ஏதும் வந்ததே அண்ணை?” என்று கேட்டான். “இன்னும் இல்லை” என்றேன். அது பொய்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் அது ஒருநாள் பொய். நாளைக்குக் கொடுத்தால் அது பொய்யாக இருக்காது, நினைவுப் பிசகாக இருக்கும்.

மறுநாள் அவன் வரவில்லை, சமையற்கூடத்தில் கோப்பை கழுவும் வேலை கிடைத்துப் போயிருந்தான். அதற்கடுத்த நாள் எனக்குக் காய்ச்சல். ஞாயிறு ஒரு சிநேகபூர்வப் போட்டி, அவன் மனத்தைக் குழப்பக்கூடாது. இப்படி இப்படியே நாள் போனது. நான் அழைப்பை மறைக்கவேண்டும் என்று ஒருநாளும் தீர்மானிக்கவில்லை. ஒவ்வொரு நாளும், இன்றைக்கு வேண்டாம் என்று மட்டும் தீர்மானித்தேன். ஜூலை தொடங்கியது. திகதி கடந்திருக்கும். திகதி கடந்த அழைப்பைக் கொண்டுபோய்க் கொடுத்து ஒரு மனிதனை நோகடிப்பதில் என்ன நன்மை? முதலுதவிப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துப் பூட்டினேன்.

ஆகஸ்டில் பதிவுத்தபால் சீட்டு வந்தது. ஆள் இல்லாதபோது தபால்காரி போட்டுவிட்டுப் போகிற சீட்டு. பதினைந்து நாளுக்குள் அடையாள அட்டையோடு போய் எடுக்கவேண்டும். எடுக்காவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும், கிடைத்ததாகவே கணக்கில் கொள்வார்கள். அது நிராகரிப்பு என்று எனக்குத் தெரியும். அதைக் கொடுத்திருந்தால் அவன் ஒரு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்திருக்கலாம். ஆனால் சீட்டைக் கொடுத்தால் முதல் கடிதம் எங்கே என்று கேட்பான். என் நிலைமையையும் யோசித்துப் பாரும். ஒரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியாகிவிட்டது, அடுத்த அறைக்குத்தான் வழி இருந்தது. சீட்டும் கீழ்த்தட்டுக்குப் போனது.

செப்டம்பர் 13ஆம் திகதி கிண்ணத்தை எடுத்தோம். இரண்டு கோல், இரண்டும் அவன் அடித்தது. மாஸ்ரரைத் தோளில் தூக்கினார்கள். மலருக்கு அந்தப் படம் உம்மிடம் இருக்கும். அதில் மாஸ்ரரின் இடது காலுக்குப் பின்னால் தெரிகிற காது என்னுடையது. கதிரையை மடித்துக் கொடுத்துவிட்டுப் போவார் என்று காத்திருந்தேன். அவர் பக்கத்தில் வந்து, மூன்று வருடம் தொடர்ந்து எடுத்தால் சுழற்கிண்ணம் எங்களுக்கே சொந்தம், அதையும் பார்த்துவிட்டு எழும்புகிறேன் என்றார். அவ்வளவு செய்தும் நான் இருந்த இடத்திலேயே இருந்தேன்.

அக்டோபரில் பிருந்தாபன் தற்காலிகச் சீட்டைப் புதுப்பிக்கப் போனபோது நானும் மொழிபெயர்க்கப் போனேன். யன்னலுக்குள் இருந்த பெண், உங்கள் விண்ணப்பம் முடிந்துவிட்டது, தவணையும் போய்விட்டது என்றாள். அப்படியே மொழிபெயர்த்தேன். அவன் என்னைத்தான் பார்த்தான். என்னைக் கூப்பிடவே இல்லையே அண்ணை என்றான். சிலரைக் கூப்பிடாமலே முடித்துவிடுகிறார்கள் தம்பி என்றேன். அதில் பொய் இல்லை. சிலரை அப்படி முடித்திருக்கிறார்கள்.

அடுத்து நடந்ததுதான் நான் உண்மையில் பெருமைப்படுகிற இடம், அல்லது அப்படித்தான் வெகுகாலம் நினைத்திருந்தேன். ஒரு பெண் வழக்கறிஞர், கடிதம் வந்து சேரவில்லை என்று விலாசக்காரர் கையெழுத்து வைத்துத் தந்தால் கோப்பைத் திறக்க முயன்று பார்க்கலாம் என்றாராம். பிருந்தாபன் வீட்டுக்கு வந்தான். என் மனைவி பேர்ளி தேத்தண்ணீர் கொடுத்தாள், அவன் குடிக்கவில்லை.

“ஒரு வரி போதும் அண்ணை. எனக்கு அனுப்பின கடிதம் உங்கட பெட்டிக்கு வரேல்லை எண்டு.”

“எப்பிடித் தம்பி நான் எழுதிறது? பதினொரு பேரின்ரை பேர் ஒட்டின பெட்டி. வரேல்லை எண்டு நான் எப்பிடிச் சத்தியம் பண்ணுறது? பொய்க் கையெழுத்து மட்டும் என்னட்டைக் கேளாதை.”

அவன் தேத்தண்ணீரை மேசை நடுவுக்குத் தள்ளி வைத்தான். பிறகு, “ஓம் அண்ணை, உங்களுக்குப் பிரச்சினை வேண்டாம்” என்று எழுந்தான். நான் சொன்னதை எண்ணிப் பாரும். கடிதம் வந்தது. வரவில்லை என்று எழுதினால் அது பொய்தானே. பெட்டிக்குத் திறப்பு ஒன்றுதான், அது என்னிடம்தான் இருந்தது என்பதை அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரவு படுக்கும்போது பேர்ளி, அந்தப் பிள்ளைக்கு உண்மையாகவே ஒன்றும் வரவில்லையா என்று ஒருமுறை கேட்டாள். வந்திருந்தால் கொடுத்திருப்பேனே என்றேன். அதன்பிறகு அவள் கேட்கவில்லை. ஒவ்வொரு மாதமும் கோவிலில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன், இதைச் சொன்னதில்லை. அங்கே செய்ததைத்தான் சொல்வது. நான் எதையும் செய்யவில்லை, ஒரு காகிதத்தைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

காட் இல்லாதவனுக்கு யார் அறை கொடுப்பார்கள்? அவனை எங்கள் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்தேன். மகன் படிக்கப் போய் வெறுமையாகக் கிடந்த அறை. வாடகை வாங்கவில்லை. லா சப்பல் மெத்ரோவில் பொலிஸ் மறித்துக் காகிதம் கேட்பார்கள் என்று அவன் மெத்ரோவில் ஏறுவதை விட்டான். வேலைக்கும் நடை, மைதானத்துக்கும் நடை. வீடு, சமையற்கூடம், மைதானம். இந்த மூன்றுக்குள் அவன் உலகம் முடிந்தது. பாரிசில் பத்து வருடம் இருந்த மனிதன் இன்னும் கடலைக் காணவில்லை, ஒரு கலியாணவீட்டுக்கு லண்டன் போகவில்லை. மேற்குப் பக்கத்துக் கழகம் இரண்டு முறை என்னைத் தொலைபேசியில் கேட்டது. நிலைமையைச் சொன்னேன். பிறகு கேட்கவில்லை. கடைத்தெருவில் எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். 2014 ஒன்றுகூடலில் ‘மனிதநேயர்’ என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள், நினைவிருக்கும். அதை முன்மொழிந்தவன் பிருந்தாபன்.

2010இலும் கிண்ணம் எங்களுக்கு. 2011இல் மூன்றாவது தடவைக்கான இறுதிப் போட்டி. அவன் முழங்கால் இரண்டு கிழமையாக வீங்கியிருந்தது. இறக்கு என்றார் மாஸ்ரர். நான் பட்டியை இறுக்கிக் கட்டி இறக்கினேன். இரண்டாம் பாதியில், எதிரி யாரும் தொடாமலே, அந்தக் கால் திரும்பியது. சத்தம் கதிரை வரைக்கும் கேட்டது. அதோடு ஆட்டமும் போனது, அவன் விளையாட்டும் போனது. அந்த மாரிக் குளிரில் மாஸ்ரர் மாரடைப்பில் காலமானார். மறு வருடம் முதல் கதிரையில் நான் இருந்தேன். இதோடு இருக்கிற படம் அன்று எடுத்தது.

இரண்டாவது கதிரை யாருக்கு என்று கேட்பீர். பிருந்தாபனுக்குத்தான். விளையாட முடியாதவனுக்கு வேறு என்ன இருக்கிறது? நல்ல உதவிப் பயிற்றுநர். பந்துக்குக் காற்றடிப்பான், தோடம்பழம் வெட்டுவான், பட்டியலை யோசித்து எழுதித் தருவான். நான் எழுந்து நின்று வாசிப்பேன். மைதானத்துக்கு முதலுதவிப் பெட்டியைத் தோளில் மாட்டித் தூக்கி வருவதும் அவன்தான். ஏழு வருடமாகத் தூக்கி வருகிறான், அந்தக் காலை இழுத்துக்கொண்டு. கீழ்த்தட்டில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. சங்கத்துக் காகிதம் என்று நினைத்திருப்பான்.

சாம்பவி இன்னும் காத்திருக்கிறாள். முப்பத்தைந்து வயதாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் என்னோடும் கதைப்பாள். போன டிசம்பர் நத்தாருக்குச் சொன்னாள்: “அண்ணை, நீங்கள் இருக்கிறபடியாத்தான் இவர் அங்கை உயிரோட இருக்கிறார்.” தொலைபேசியை அவனிடம் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனேன். அந்த அன்பை நான் நடிக்கவில்லை, அவனை என் பிள்ளையைப் போலத்தான் பார்க்கிறேன்.

இனி உமக்குத் தெரிந்த பகுதி. இந்த வருடத்தோடு அவன் வந்து பத்து வருடம் முடிந்தது. பத்து வருடம் இங்கே இருந்ததற்கு வருடவாரியாக அத்தாட்சி காட்டினால் காட் கேட்கலாம் என்று விண்ணப்பக் கோப்பை நீர்தான் காசு வாங்காமல் செய்து கொடுத்தீர். முதல் வருடத்துக்குத்தான் அத்தாட்சி குறைவு, பழைய கடித உறை ஏதும் கிடக்கிறதா என்று தேடச் சொன்னீர். தேடினேன் என்று சொன்னேன். இருந்ததைக் கொண்டு அனுப்பினீர். போன கிழமை மறுபடி தொலைபேசி எடுத்து, சந்திப்பு நாள் குறித்துக் கடிதம் வரும், அது வந்த அன்றே எனக்குச் சொல்லுங்கோ, அந்த நாளைத் தவறவிட்டால் கோப்பு மூடிவிடும், மறுபடி தொடக்கத்தில் இருந்து வரிசையில் நிற்கவேண்டும் என்றீர். இன்னும் வரவில்லை என்றேன்.

கடிதம் மே 21ஆம் திகதி வந்துவிட்டது. அவனுடைய பெயருக்கு வந்த கடிதங்களில் நான் உடைத்தது இது ஒன்றுதான், நாள் தெரியவேண்டும் என்பதற்காக. சந்திப்பு ஜூன் 18, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை.

நீர் கோபப்படுவதற்கு முன்னால் ஒன்றைக் கேளும். சித்திரை மாதம் பிருந்தாபன் என்னிடம் சொன்னான்: அந்தச் சந்திப்பில் வேலை செய்யலாம் என்ற சீட்டு கையில் கிடைத்தால், மறுநாளே லியோனுக்குப் போகிறானாம். அங்கே சிநேகிதன் ஒருவனின் உணவகத்தில் வேலை, மேலே இரண்டு அறை வீடு. பிறகு, ஊருக்குப் போகமுடியாதபடியால், சாம்பவியைச் சென்னைக்கு வரச்சொல்லிப் பார்க்க ஒரு பயணம். “பந்தை இதோட விடுறன் அண்ணை, இவ்வளவு காலமும் காணும்” என்றான். ஜூன் 23 அரையிறுதி. ஜூலை 7 இறுதிப் போட்டி. 2017இலும் 2018இலும் கிண்ணம் எங்களுக்கு. இந்தமுறையும் எடுத்தால் அது கல்லூரிக்கே சொந்தம். மாஸ்ரர் காணாததை நான் காண்பேன். பட்டியல் எழுதுகிறவன் அவன். பொடியன்கள் என் சொல்லைக் கேட்டு ஓடுவதில்லை, அவன் கண்ணைப் பார்த்து ஓடுகிறார்கள். அவன் இல்லாமல் முதல் கதிரையில் தனியாக இருந்து நான் என்ன செய்வேன்? முப்பத்து மூன்று வருடத்தில் அது எனக்குத் தெரியாது.

பத்து வருடம் காத்திருந்தவர்கள் இன்னும் கொஞ்ச நாள் காத்திருப்பார்கள். வரிசையில் மறுபடி நின்றால் என்ன, நீர் இருக்கிறீர், கெட்டிக்காரர். நான் கெட்டவனாக இருந்திருந்தால் இந்தக் கடிதங்களை அன்றைக்கே கிழித்து எறிந்திருப்பேன். ஒன்றையும் கிழிக்கவில்லை. ஒரு மடிப்புக்கூடக் கலையாமல் வைத்திருக்கிறேன்.

இன்று ஜூன் 3. உமது தவணைக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்தக் கட்டுரையையும் மடித்து அவற்றோடு கீழ்த்தட்டில் வைத்துப் பூட்டுகிறேன். இறுதிப் போட்டி முடிந்த மறுநாள் எல்லாவற்றையும் ஒன்றாக அவன் கையிலேயே கொடுத்துவிடுவேன், உறுதி. அதுவரை எதுவும் தொலையாது. பெட்டியைப் பிருந்தாபன்தான் தூக்கி வருகிறான்.

அன்புடன்,
லோறன்ஸ்
தலைமைப் பயிற்றுநர்